புள்ளிக்கு முகவரி தந்த அறிஞர்

பொறியியல் பயில்வோரும் அறிவியல் பயில்வோரும் இன்று கணிப்பொறித் திரையில் படம் வரைகின்றனர். வரைபலகையும் டி-ஸ்கொயரும் மூலைமட்டமும் பழம்பொருள்களாகிவிட்டன. ஆட்டோகேட் முதலிய வரைவு மென்பொருள்களைத் திறந்தால் திரையின் ஒரு மூலையில் இரண்டு சிறிய கோடுகள் தோன்றும். ஒன்று வலப்புறம் நோக்கும், மற்றொன்று மேல்நோக்கும். ஒன்றின் பெயர் எக்ஸ். மற்றதன் பெயர் ஒய். நாம் அவற்றை ஒரு கணமும் உற்றுப் பார்ப்பதில்லை. வீட்டு வாசற்படியைத் தாண்டுவது போலத் தாண்டி உள்ளே போய்விடுகிறோம். அந்த இரண்டு கோடுகளுக்கும் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவ்வாழ்க்கையை நம் மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மனிதர் பெயர் ரெனே டேக்கார்ட். இலத்தீன் மொழியில் அவர் பெயரைக் கார்ட்டீசியஸ் என்று எழுதினர். நாம் கார்ட்டீசியன் முறை என்று சொல்லும் பெயர் அவ்வாறு வந்ததே. ஆயினும் நாம் பள்ளியில் கேட்டறிந்த டேக்கார்ட் வேறு. மெய்யான டேக்கார்ட் வேறு. படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அவர் ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. சிறுவர்களுக்கு அது சுவையான கதை. ஆனால் அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு கோடுகளை உலகுக்கு வரைந்து தந்தவர் அவர் என்கிறார்கள். அவர் தம் நூலில் அப்படி வரையவே இல்லை. அவர் தந்தது அதனினும் பெரிது. அது என்ன என்பதை அவர் வாழ்க்கையின் வழியே காண்போம்.

இளமையும் கல்வியும்

டேக்கார்ட் 1596ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பிரான்சு நாட்டில் தூரேன் பகுதியிலுள்ள லா ஏ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ழோவாஷேன் பிரித்தானி மாநிலத்து உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். குழந்தைக்கு ஓராண்டு சற்றே கடந்திருந்தபோது தாயார் இறந்துவிட்டார். தந்தையின் பணியோ வேறு ஊரில். ஆதலால் குழந்தை பாட்டியின் கையில் வளர்ந்தது. சொந்த வீடு என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓர் இடம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே வாய்க்கவில்லை.

பத்து வயதளவில் லா பிளேஷ் என்னும் ஊரில் ஏசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்க்கப்பட்டார். நலிந்த உடல் உடையவராதலால் காலையில் நெடுநேரம் படுக்கையிலேயே இருக்க அங்கே அவருக்கு இசைவு கிடைத்தது. மற்ற மாணவர்கள் மணியோசை கேட்டு எழுந்தோடும் வேளையில் இவர் படுக்கையில் கிடந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். இப்பழக்கம் வாழ்நாள் முழுதும் நீடித்தது. நண்பகல் வரையில் படுக்கையை விட்டு எழாதவர் உலகின் பெருஞ்சிந்தனையாளர் வரிசையில் இருக்கிறார் என்பது நம் விடுதி நண்பர்கள் சிலருக்கு ஆறுதல் தரக்கூடும். ஆனால் அவர் அந்நேரத்தில் உறங்கவில்லை என்பதையும் உடன் சொல்லிவைத்தல் நலம்.

கல்லூரியில் கற்றவற்றுள் கணிதம் ஒன்றே அவருக்கு மனநிறைவு தந்தது. மற்றத் துறைகளில் ஆசிரியருக்கு ஆசிரியர் கருத்து மாறுபட்டது. கணிதத்திலோ நிறுவியது நிறுவியதே. பின்னர்ப் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1616இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றாரேயன்றி வழக்காடச் சென்றாரில்லை. உலகம் என்னும் பெரும் நூலையே படிப்போம் என்று துணிந்து பயணம் புறப்பட்டார்.

படைவீரரும் கணித நண்பரும்

1618இல் ஹாலந்துக்குச் சென்று, நாசோ இளவரசர் மாரிசின் படையில் சேர்ந்தார். ஊதியத்திற்காகச் சேர்ந்தவர் அல்லர். உலகம் காணச் சேர்ந்தவர். பிரெடா நகரில் படை தங்கியிருந்தபோது, அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள், ஐசக் பீக்மன் என்பவரைச் சந்தித்தார். பீக்மன் அவரினும் ஏழாண்டு மூத்தவர். இயற்பியலையும் கணிதத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் இயல்புடையவர். உறங்கிக் கிடந்த டேக்கார்ட்டின் கணித ஆர்வத்தைத் தட்டி எழுப்பியவர் அவரே. அந்நன்றிக்கு அடையாளமாக இசை பற்றித் தாம் எழுதிய சிறு நூல் ஒன்றை டேக்கார்ட் அவருக்குப் படைத்தார்.

பெரியோர் வாழ்விலும் குறை உண்டு. அதை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது. 1630ஆம் ஆண்டளவில், பீக்மனிடம் தாம் கற்றது ஒன்றும் இல்லை என்று டேக்கார்ட் கடுமையாக எழுதினார். தமக்கு வழிகாட்டியவர் என்ற பெயரைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க அவர் மனம் இசையவில்லை. அறிவு பெரிதாயிருந்த அளவு நன்றியுணர்வு பெரிதாயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

பீக்மனைச் சந்தித்துச் சரியாக ஓராண்டு கழிந்து, 1619 நவம்பர் 10ஆம் நாள், தென்ஜெர்மனியில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். கணப்பு மூட்டிய அறை ஒன்றில் தனித்திருந்து நாள் முழுதும் சிந்தித்தார். அன்றிரவு மூன்று கனவுகள் கண்டார். அறிவுத்துறைகள் அனைத்தையும் கணிதம் போன்ற உறுதியான ஒரே முறையில் கட்டி எழுப்புவதே தம் வாழ்நாட்பணி என்ற எண்ணம் அன்று அவருள் வேரூன்றியது. அப்போது அவருக்கு வயது 23. நம்மில் முதுகலை பயில்வோர் பலரின் வயதும் அதுவே.

ஊர் ஊராய் ஒரு வாழ்க்கை

1628இல் அவர் ஹாலந்தில் குடியேறினார். இருபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். அங்கேயே என்று சொன்னாலும் ஓர் ஊரில் அன்று. பிரானெக்கர், ஆம்ஸ்டர்டாம், லெய்டன், டெவெண்டர், உத்ரெக்ட், எக்மண்டு என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தார். நண்பர் பலருக்கும் முகவரி சொல்வதில்லை. பாரிசில் இருந்த மெர்சேன் என்னும் துறவி அறிஞர்தாம் ஐரோப்பிய அறிஞர்களுக்கும் இவருக்கும் இடையே கடிதப் பாலமாக இருந்தார். தன் முகவரியை மறைத்து வாழ்ந்த ஒருவர், இடவெளியில் உள்ள புள்ளி ஒவ்வொன்றுக்கும் முகவரி தரும் வழியைக் கண்டார் என்பது வியப்பே.

1633இல் உலகம் என்னும் நூலை எழுதி முடிக்கும் நிலையில் இருந்தார். பூமி ஞாயிற்றைச் சுற்றி வருகிறது என்ற கொள்கை அந்நூலுக்கு அடிப்படை. அவ்வாண்டில் கலிலியோவை ரோமாபுரியில் திருச்சபையின் மன்றம் தண்டித்த செய்தி வந்தது. டேக்கார்ட் நூலை வெளியிடாமல் நிறுத்திவிட்டார். அது அச்சேறியது அவர் இறந்த பின், 1664இல். இதனைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு; முன்னறிவு என்பாரும் உண்டு. எப்படியாயினும், நிறுத்திய நூலுக்கு ஈடாக அவர் வேறொன்றை ஆயத்தம் செய்தார். அதுவே 1637இல் லெய்டன் நகரில் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்த முறை பற்றிய உரை. ஒளியியல், வானிலை நிகழ்வுகள், வடிவியல் என்னும் மூன்று பகுதிகள் அதனோடு இணைந்து வந்தன. இறுதிப் பகுதியாகிய வடிவியலே நம் கதைக்கு உயிர்.

நான்கு கோடுகளின் புதிர்

வடிவியல் நூலுக்கு வித்தாக அமைந்தது ஒரு பழம்புதிர். கி.பி. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பசு என்னும் கணித அறிஞர் அதனைக் குறித்துவைத்திருந்தார். 1631இல் லெய்டன் பேராசிரியர் கோலியசு அதனை டேக்கார்ட்டின் முன் வைத்தார். புதிர் இதுதான். தாளில் நான்கு நேர்கோடுகள் தரப்பட்டுள்ளன. ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கோடுகளுக்குள்ள தொலைவுகளைப் பெருக்கவேண்டும். மற்ற இரண்டு கோடுகளுக்குள்ள தொலைவுகளையும் பெருக்கவேண்டும். இவ்விரு பெருக்கற்பலன்களும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டுமானால், அப்புள்ளி எந்தப் பாதையில் நகரும்?

கிரேக்கர்கள் நான்கு கோடுகள் வரையில் விடை கண்டிருந்தனர். கோடுகள் மிகுந்தால் அவர்கள் திகைத்து நின்றனர். டேக்கார்ட் சில வாரங்களில் எத்தனை கோடுகளுக்கும் பொருந்தும் வழி கண்டார். என்ன செய்தார்? தரப்பட்ட கோடுகளுள் ஒன்றையே எடுத்துக்கொண்டார். அதன்மேல் ஒரு குறித்த இடத்திலிருந்து அளந்த நீளத்தை எக்ஸ் என்றார். அங்கிருந்து புள்ளிவரை செல்லும் நீளத்தை ஒய் என்றார். இவ்விரண்டும் தெரிந்தால் புள்ளி தெரிந்துவிடும். ஏனைய கோடுகளுக்குள்ள தொலைவு ஒவ்வொன்றையும் எக்ஸ், ஒய் ஆகிய இரண்டாலுமே எழுதிவிடலாம். பெருக்கினால் ஒரு சமன்பாடு கிடைக்கும். நான்கு கோடுகளாயின் அது இருபடிச் சமன்பாடு. வட்டம், நீள்வட்டம், பரவளைவு, அதிபரவளைவு ஆகியவற்றைப் போன்ற கூம்பு வெட்டு அதன் விடை.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அச்சு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை. தாளின் விளிம்பும் அதனைத் தரவில்லை. கணக்கிலேயே கிடந்த ஒரு கோட்டை அவர் அச்சாக ஆக்கிக்கொண்டார். எக்சும் ஒய்யும் செங்கோணத்தில் நிற்கவேண்டும் என்றுகூட அவர் கட்டாயப்படுத்தவில்லை. கணக்குக்கு எந்தக் கோணம் வசதியோ அந்தக் கோணம். வேறு கோட்டை எடுத்திருந்தால் சமன்பாட்டின் எண்கள் மாறியிருக்கும், வளைவு மாறியிராது. கோடுகளை எங்கே போடுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை நம்முடையது. உருவத்தின் உண்மையோ நம் தேர்வுக்குக் கட்டுப்பட்டதன்று. இதுவே டேக்கார்ட் தந்த பெரும்பொருள்.

திரையில் அதே பாடம்

இதனை நம் கணிப்பொறி வரைவில் வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். ஆட்டோகேட் மென்பொருளில் இரண்டு வகை அச்சுத் தொகுதிகள் உண்டு. ஒன்று உலக அச்சுத் தொகுதி. அது அசையாதது. வரைவில் உள்ள ஒவ்வொரு பொருளின் இடமும் அதனைக்கொண்டே நிலைபெறும். மற்றொன்று பயனர் அச்சுத் தொகுதி. அதனை யூ.சி.எஸ். என்று சுருக்கிச் சொல்வர். அதை நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம், விரும்பிய பக்கம் திருப்பலாம், சாய்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆய்வுக்கூடக் கருவிக்கு ஒரு தகடு வேண்டும். அதன் கீழ்விளிம்பு உலகத் தொகுதியின் எக்ஸ் அச்சின்மேல் படிந்திருக்கிறது. தகடு தரையோடு 30 பாகைச் சாய்வில் எழுகிறது. விளிம்பின் ஒரு முனையிலிருந்து 40 மில்லிமீட்டர் நகர்ந்து, சரிவில் 20 மில்லிமீட்டர் ஏறி, அங்கே ஒரு துளை போடவேண்டும். உலக அச்சுகளில் அத்துளையின் இடம் 40, 17.32, 10 ஆகும். ஒரு துளைக்கே சைனும் கோசைனும் வேண்டியிருக்கின்றன. இருபது துளைகளாயின் பிழை நேராமல் இராது. இப்போது யூ.சி.எஸ். கட்டளையால் மூன்று புள்ளிகளைச் சுட்டுங்கள். முதற்புள்ளி புதிய ஆதி. இரண்டாவது எக்ஸ் செல்லும் திசை. மூன்றாவது ஒய் இருக்கும் பக்கம். மூன்றையும் தகட்டின்மேலேயே சுட்டினால் அச்சுகள் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். துளையின் இடம் வெறும் 40, 20 ஆகிவிடும். சைன் இல்லை, கோசைன் இல்லை. டேக்கார்ட் 1637இல் தரப்பட்ட கோட்டையே அச்சாக்கியதும், நாம் இன்று தகட்டின் விளிம்பையே அச்சாக்குவதும் ஒரே செயல் அன்றோ?

உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் உண்டு. அச்சைத் திருப்பியதை மறந்து, உலகத் தொகுதியில் இருக்கிறோம் என்று எண்ணி எண்களைத் தட்டிவிட்டு, கோடு எங்கோ போய் விழக் கண்டு திகைக்காத மாணவர் அரியர். எண்கள் மட்டும் ஒருபோதும் போதா. எந்த ஆதியிலிருந்து, எந்தத் திசையில் அளந்த எண்கள் என்பதையும் உடன் சொன்னால்தான் அவை முகவரி ஆகும். தெருப்பெயர் இல்லாத வீட்டு எண்ணால் யாருக்கு என்ன பயன்?

அலகு என்னும் மூன்றாவது தேர்வு

ஆதியும் திசையும் போலவே அலகும் நாம் தேர்வதே. இதனையும் முதலில் தெளிவாகக் கண்டவர் டேக்கார்ட்தான். அவருக்கு முன் இரண்டு நீளங்களைப் பெருக்கினால் பரப்பு என்றனர். மூன்றைப் பெருக்கினால் கன அளவு என்றனர். நான்கு நீளங்களைப் பெருக்கினால் என்ன? அதற்கு வடிவம் இல்லை. ஆதலால் பொருளும் இல்லை என்று தயங்கினர். கோடுகள் மிகுந்தபோது பாப்பசின் புதிர் பழையோரைத் தடுத்து நிறுத்தியதும் இத்தயக்கமே.

டேக்கார்ட் இத்தடையை எளிதாக நீக்கினார். ஏதேனும் ஒரு நீளத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம் என்றார். அந்த ஒன்றுக்கும் முதல் நீளத்துக்கும் உள்ள விகிதமே, இரண்டாம் நீளத்துக்கும் விடைக்கும் இருக்குமாறு இரண்டு ஒத்த முக்கோணங்களை வரைந்தால், பெருக்கற்பலனும் ஒரு நீளமாகவே கிடைத்துவிடும். இனி எத்தனை நீளங்களையும் பெருக்கலாம். எத்தனை படிக்கும் உயரலாம். தெரிந்தவற்றுக்கு எழுத்து வரிசையின் முதல் எழுத்துகளையும், தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் இடும் வழக்கமும், படியை எழுத்தின் தலைப்பக்கத்தில் சிறிய எண்ணாக எழுதும் வழக்கமும் இந்நூலால் பரவியவையே. நம் பள்ளிப் பருவத்துக் கணிதப் புத்தகங்கள் எல்லாம் அவர் கையெழுத்தைத் தாங்கியவை என்று சொன்னால் மிகையாகாது.

வரைவு மென்பொருளிலும் எண் என்பது வெறும் எண்ணே. அதற்கு மில்லிமீட்டர் என்றோ அங்குலம் என்றோ பொருள் தருபவர் நாம். அங்குலத்தில் வரைந்த படத்தை மில்லிமீட்டர் என்று படித்தால் உருவம் 25.4 பங்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிழை கணிப்பொறியுடையதன்று, ஒன்று எது என்று சொல்லத் தவறியவருடையது.

தாய்மொழியில் ஒரு வடிவியல்

1637இல் வந்த நூலைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். அந்நாளில் ஐரோப்பிய அறிஞர்களின் மொழி இலத்தீன். டேக்கார்ட் வாழ்ந்த ஊர்த் தெருக்களில் ஒலித்த மொழி டச்சு. அவரோ நூலைத் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில் எழுதினார். பழைய ஏடுகளை மட்டும் நம்புவோரைக் காட்டிலும், இயல்பான அறிவைக்கொண்டு சிந்திப்போரே தம் கருத்தைச் சீர்தூக்க வல்லவர் என்று அவர் நம்பியதே காரணம்.

ஆயினும் அந்நூல் எளிதாக எழுதப்பட்டது அன்று. படிப்போர் தாமே கண்டு மகிழட்டும் என்று பல படிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அதனால் ஐரோப்பா முழுதும் அது பரவியதற்கு லெய்டன் நகரத்து பிரான்சு வான் ஸ்கூட்டன் என்பார் காரணமானார். அவர் 1649இல் இலத்தீனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் சேர்த்து வெளியிட்டார். பின்னாளில் நியூட்டன் மாணவராயிருந்தபோது கற்றது வான் ஸ்கூட்டனின் பதிப்பையே. மூலம் தாய்மொழியில் பிறந்தது. மொழிபெயர்ப்பால் உலகை அடைந்தது. இரண்டும் தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இத்துறையில் டேக்கார்ட் தனித்தவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. துலூசு நகரத்துச் சட்ட அறிஞர் பெர்மா, ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியைத் தாமாகவே கண்டிருந்தார். அவர் கட்டுரை கையெழுத்துப்படியாகவே உலவி, 1679இல்தான் அச்சேறியது. ஆயத்தொலைவு என்பதற்குரிய ஐரோப்பியச் சொல்லை வழங்கியவர் லைப்னிட்சு. குறை எண்களை அச்சின் மறுபுறத்தில் வைத்து முறையாகக் கையாண்டது பின்வந்தோர் பணி. ஓர் ஆலமரத்துக்கு விழுதுகள் பல.

துயரும் முடிவும்

ஹாலந்தில் எலனா என்னும் பணிப்பெண்ணுக்கும் டேக்கார்ட்டுக்கும் 1635இல் பிரான்சீன் என்னும் பெண்மகவு பிறந்தது. அவர்கள் திருமணம் செய்துகொண்டவர் அல்லர். 1640 செப்டம்பரில், ஐந்து வயதில், அக்குழந்தை செங்காய்ச்சலால் இறந்தது. அடுத்த மாதமே தந்தையாரும் இறந்தார். ஐயங்களை அடுக்கி உலகையே ஆராய்ந்த அறிவாளர், மகளை இழந்து அழுதார். அழுவது பெண்டிர்க்கே உரியது என்று எண்ணுவோரின் கூட்டத்தில் தாம் இல்லை என்று பின்னர் நண்பர் ஒருவருக்கு எழுதவும் செய்தார்.

1641இல் தத்துவச் சிந்தனைகள் வெளிவந்தன. எதையும் ஐயுறலாம், ஐயுறும் தான் ஒருவன் இருப்பதை மட்டும் ஐயுற இயலாது என்னும் புகழ்பெற்ற கருத்தை அடித்தளமாகக் கொண்டது அந்நூல். அறிவுக்கும் ஓர் ஆதிப்புள்ளி தேடினார் என்றே சொல்லலாம். புகழோடு பகையும் வளர்ந்தது. 1642இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் அவர் தத்துவத்தைக் கற்பிக்கக்கூடாதென்று தடுத்தது. அவர் இறந்த பின் 1663இல் திருச்சபையும் அவர் நூல்களைத் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்தது. அவர் கூறியவை எல்லாம் சரியும் அல்ல. கோள்கள் சுழல்களில் மிதந்து செல்கின்றன என்றார். ஒளி காலமே எடுத்துக்கொள்ளாமல் பரவுகிறது என்றார். மோதும் பொருள்களுக்கு அவர் வகுத்த விதிகளுள் பல தவறானவை. அவை உதிர்ந்தன, வடிவியல் நின்றது.

1643 முதல் பொகிமிய நாட்டு இளவரசி எலிசபெத்து அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். நாடிழந்த குடும்பத்தோடு ஹாலந்தில் புகலிடம் பெற்றிருந்தவர் அவர். மூன்று வட்டங்களைத் தொடும் நான்காவது வட்டத்தைக் காணும் பழங்கணக்கை டேக்கார்ட் அவருக்கு அனுப்பினார். இளவரசி இயற்கணித வழியில் விடை கண்டார். அத்தகைய கணக்குகளில் துணைக்கோடுகளை இயன்றவரை இணையாகவும் செங்குத்தாகவும் இழுத்துக்கொண்டால் வேலை எளிதாகும் என்று டேக்கார்ட் அவருக்கு விளக்கினார். செங்குத்து அச்சுகள் பின்னாளில் ஏன் வழக்காயின என்பதற்கு அதுவே போதிய விடை. அவை விதியால் வந்தவை அல்ல, வசதியால் வந்தவை.

1649இல் சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தினாவின் அழைப்பை ஏற்று ஸ்டாக்ஹோம் சென்றார். அரசிக்கு வயது 22. கல்வியில் தீராத வேட்கை. ஆனால் பாடம் கேட்க அவர் ஒதுக்கிய நேரம் விடியற்காலை ஐந்து மணி. வாழ்நாள் முழுதும் காலையில் படுக்கையில் இருந்து பழகியவர், வடநாட்டு மார்கழி தையின் கொடுங்குளிரில் இருளோடு எழுந்து அரண்மனைக்குச் செல்ல நேர்ந்தது. நுரையீரல் அழற்சி கண்டு, 1650 பிப்ரவரி 11ஆம் நாள் காலமானார். அகவை 53.

இறந்த பின்னும் அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. 1666இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பிரான்சுக்குக் கொண்டுசென்றனர். 1819 முதல் அவை பாரிசில் சேன் ழெர்மேன் தே பிரே தேவாலயத்தில் உள்ளன. அவருடையது எனக் கருதப்படும் மண்டையோடு மட்டும் தனியே பிரிந்து, அதே நகரத்தின் மனித அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பிறந்த ஊராகிய லா ஏ, 1967இல் தன் பழைய பெயரையே விட்டு, டேக்கார்ட் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. வாழ்ந்த நாளில் எந்த ஊரையும் தம் ஊர் என்று பற்றிக்கொள்ளாதவரின் பெயரையே ஓர் ஊர் பற்றிக்கொண்டது.

அவர் விட்டுச்சென்ற செல்வம்

1827இல் மேபியசு என்னும் ஜெர்மானியர் ஆயத்தொலைவுகளோடு மேலும் ஓர் எண்ணைச் சேர்க்கும் முறையைக் கண்டார். அதன் பயனாக, அச்சுகளை நகர்த்துவதும் திருப்புவதும் நான்கு வரிசை நான்கு நிரல் கொண்ட ஓர் அணியால் பெருக்கும் ஒரே செயலாக அமைகின்றன. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்டு என்னும் மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் படம் வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் திட்டத்தைத் தம் ஆய்வேடாகப் படைத்தார். பிரான்சிலே ரெனோ நிறுவனத்தின் பெசியேயும் சித்ரோயன் நிறுவனத்தின் தெ காஸ்தெல்ழோவும் கார்களின் வளைந்த உடலைச் சில புள்ளிகளின் ஆயத்தொலைவுகளால் எழுதும் வழி கண்டனர். 1982இல் ஆட்டோகேட் வெளிவந்தது. இவை எல்லாம் டேக்கார்ட் போட்ட விதையின் விளைவே. வளைவு என்பது சமன்பாடு, சமன்பாடு என்பது எண்கள் என்று ஆகாமல் இருந்திருந்தால், எண்களை மட்டுமே அறிந்த கணிப்பொறி ஒரு வட்டத்தையேனும் வரைந்திருக்க இயலாது.

நண்பர்களே, நாம் பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊரில் பயில்கிறோம். வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இவ்வூர் மொழி, நம் மன்றத்தில் மட்டும் தமிழ். இங்கே கற்கும் அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு டேக்கார்ட்டின் வடிவியலே விடை கூறும். அச்சை மாற்றினால் எண்கள் மாறும், வளைவு மாறாது. மொழியை மாற்றினால் சொற்கள் மாறும், உண்மை மாறாது. எந்த அச்சில் நின்றால் வேலை எளிதாகுமோ அந்த அச்சில் நிற்பதே அறிவுடைமை. தமிழ்நாட்டுச் சிற்றூரில் பயிலும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஆயத்தொலைவை விளக்கவேண்டுமானால் அந்த அச்சு தமிழ்தான்.

இவ்வூரில் நாம் நட்டிருக்கும் ஆதிப்புள்ளி பணிக்காக நட்டது. அதனை மனமார நடுவோம். தயக்கமின்றி அதிலிருந்து அளப்போம். இவ்வூராரின் மொழியையும் கற்போம். யூ.சி.எஸ். எத்தனை முறை நகர்ந்தாலும் வரைவின் அடியில் உலகத் தொகுதி அழியாமல் இருப்பதுபோல, நம்முள்ளும் ஒன்று அழியாமல் இருக்கிறது. ஆனால் அது தானாகவே பயன் தராது. கற்றதைத் தமிழில் எழுதினால்தான் அது பிறருக்கு முகவரியாகும். வரும் விடுமுறைக்குள் ஒவ்வொருவரும் தத்தம் துறையிலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்து, ஊரிலுள்ள தம்பி தங்கையருக்கு விளங்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதுவோமாக. டேக்கார்ட்டுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.